மல்லாவியில் வாங்கிய பழைய கிற்றார்

வன்னியில் பழைய கிற்றார் ஒன்றைத் தேடிப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. கொழும்பிலோ கண்டியிலோ ஐம்பது வருடத்துப் பொருள் ஒன்று அலுமாரிக்கு மேலே கிடந்தால் அதில் அதிசயம் எதுவும் இல்லை. இங்கே இறுதி யுத்தம் நடந்த 2008இன் கடைசியிலும் 2009இன் முதல் ஐந்து மாதங்களிலும் சனம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனது நெல்லும் பாயும் சட்டிபானையும் கூரைத் தகரமும்தான். போகப்போக அதையும் இறக்கி வைத்துவிட்டு நடந்தார்கள். திரும்பி வந்தபோது பல வளவுகளில் கிணறும் இரண்டு தென்னையும்தான் மிச்சம். அப்படிப்பட்ட ஊரில் மெல்லிய பலகையால் செய்த ஒரு வாத்தியம் தப்பியிருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

நான் கிளிநொச்சியில் மின்விசிறியும் தண்ணீர் மோட்டரும் கம்பி சுற்றித் திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிக்கிறேன். 2023 ஆவணியில் மோட்டர் ஒன்றைத் திருத்தக் கொண்டுவந்த ஐயா ஒருவர், சுவரில் தொங்கிய என் கிற்றாரைப் பார்த்துவிட்டு, "உதைப்போல ஒண்டு மல்லாவியில என்ர சொந்தக்காரர் வீட்டில கிடக்குது தம்பி, ஜப்பான் சாமான்" என்றார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் மல்லாவி.

அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கிற்றார் அவருடைய தமையனுடையது. அவர் கப்பலில் வேலை செய்தவர், எழுபதுகளில் ஜப்பானில் வாங்கிக்கொண்டு வந்தாராம். அது நம்பக்கூடிய கதை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அந்த நாளில் வெளிநாட்டுக் கிற்றார் ஒன்று கைக்கு வருவதற்குக் கப்பலில் போய்வந்த ஆட்கள் ஒரு முக்கிய வழி. தமிழில் பொப்பிசை கொடிகட்டிப் பறந்த காலமும் அதுதான்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், பிறகு கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்கு வந்தபோதும் கிற்றார் கூடவே வந்திருக்கிறது. 2006இல் வவுனியாவில் படித்துக்கொண்டிருந்த மருமகன் ஒருவர் அதைத் தன்னோடு கொண்டுபோனார். அந்த ஆண்டு ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. கிற்றார் வவுனியாவில் நின்றுவிட்டது. அதனால்தான் தப்பியது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு திரும்ப வந்து, பத்து வருடத்துக்கு மேல் தகரக் கூரைக்கு நேர்கீழே, அலுமாரியின் உச்சியில் கிடந்திருக்கிறது.

"இது இனி ஆருக்கும் உதவாது தம்பி. ஆனா அடுப்புக்குள்ள வைக்கவும் மனம் வரேல்லை" என்றார் அம்மா.

பழைய கிற்றார் வாங்கப் போகிறவர்கள் கையில் நான்கு சாமான் கொண்டுபோக வேண்டும்: ஓர் இரும்பு அடிமட்டம், முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி, வெளிச்சத்துக்குக் கைத்தொலைபேசி, ஒரு துண்டு மெல்லிய கடதாசி. இவ்வளவு போதும். வெளியே மினுக்கம் போயிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பார்க்க வேண்டியதெல்லாம் உள்ளே இருக்கிறது.

நான் கண்ணாடியை ஒலித்துளைக்குள் விட்டு வெளிச்சம் பிடித்தேன். முதலில் தெரிந்தது குளவிக்கூடு. மேற்பலகையின் அடிப்பக்கத்தில், தாங்குசட்டம் இரண்டு சந்திக்கும் மூலையில், கோழிமுட்டை அளவில் காய்ந்த மண். லேபலைப் பூச்சி அரித்திருந்தது. ஜப்பானில் செய்தது என்ற வரி மட்டும் மிச்சம். தாங்குசட்டங்களின் கரையோரமாகக் கடதாசியைச் செருகிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் கடதாசி உள்ளே போனது, அந்த இரண்டும் பசை விட்ட இடங்கள். விரல் மொட்டால் மேற்பலகையை மெதுவாகத் தட்டினால் அங்கேதான் சரசரவென்று ஒரு சத்தம் வந்தது. உளு விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். மாவு போன்ற தூளோ ஊசித்துளைகளோ எங்கும் இல்லை. உளு விழுந்த கிற்றாரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். வீட்டில் உள்ள மற்ற மரச்சாமானுக்கும் அது பரவும்.

ஒலித்துளையின் விளிம்பைக் கிட்ட வைத்துப் பாருங்கள். மேலே தெரியும் மர வரி விளிம்பின் கனத்துக்குள்ளும் அப்படியே இறங்கினால் அது ஒற்றைப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒற்றைப் பலகைக்குத்தான் சத்தம் நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் மார்கழி மழையையும் ஆடி மாதத்துச் சோளகக் காற்றையும் மாறிமாறிப் பார்க்கும் எங்கள் ஊரில் ஒட்டுப்பலகைக்காரன்தான் வெடிக்காமல் தாக்குப்பிடிப்பான். இது ஒட்டுப்பலகை. அப்படியிருந்தும் பிரிட்ஜுக்கு, அதாவது கம்பிகளின் அடிமுனையை மேற்பலகையில் பிடித்து வைத்திருக்கும் மரத்துண்டுக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. அதன் அடிப்பக்கத்தில் யாரோ வெள்ளைச் சீலைத் துண்டு ஒன்றைப் பசையில் தோய்த்து ஒட்டியிருந்தார்கள்.

அடுத்தது கழுத்து. தலைப்பக்கத்தில் இருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி குறிபார்ப்பது போலப் பார்த்தால் வளைவும் முறுக்கும் தெரிந்துவிடும். வளைவு சரிசெய்யக்கூடியது, முறுக்கு அநேகமாகச் சரிவராது. பிறகு அடிமட்டத்தை மெட்டுகளின் மேல் நீளவாக்கில் கிடத்தி, அதன் நுனி பிரிட்ஜில் எங்கே போய் முட்டுகிறது என்று பார்க்க வேண்டும். வீணைக்கு மெட்டு என்கிறோமே, கிற்றாரில் பிரெட் என்பதும் அதுதான். நுனி பிரிட்ஜின் மேல்விளிம்போடு சரிமட்டமாக வந்தால் கழுத்தின் கோணம் சரி. கீழே முட்டினால் கழுத்து முன்னுக்குச் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். இதில் ஒன்றரை மில்லிமீற்றர் கீழே முட்டியது.

பிரிட்ஜ்தான் பெரிய சோகம். அது பலகையை விட்டுக் கிளம்பியதும் யாரோ இரண்டு துளை போட்டு, சைக்கிளில் கழற்றிய போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கியிருந்தார்கள். இரும்பு துருப்பிடித்து மரத்தைக் கறுப்பாக்கியிருந்தது. நாலு கம்பிதான் இருந்தது. அதில் இரண்டாவது கம்பியைப் பார்த்துவிட்டு நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அது பிறேக் வயர்" என்றார் அவர். "அந்த நேரம் கம்பி அறுந்தா எங்க போய் வாங்குறது? வயரைப் பிரிச்சு ஒரு இழையை எடுத்துத்தான் அண்ணை போட்டவர்."

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். கிற்றார் கம்பிக்கு எங்கே போவது? கடைக்கு வந்ததும் அந்த இழையை மைக்ரோமீற்றரில் அளந்தேன். கம்பி சுற்றுகிறவன் கையில் அது எப்போதும் இருக்கும். 0.4 மில்லிமீற்றர். கடையில் விற்கும் இரண்டாவது கம்பியின் சாதாரண அளவு 0.016 அங்குலம், அதாவது 0.41 மில்லிமீற்றர். அந்த மனிதரிடம் அளவுகருவி இருந்திருக்காது. காதால் பிடித்திருக்கிறார்.

விலை கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்சதைத் தாங்கோ" என்றார். 7,500 ரூபா கொடுத்தேன். இப்படிச் சொல்கிறவர்களிடம் பேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது. நீங்களும் பேசாதீர்கள். பொருளின் கதையையும் அவர்கள்தான் தருகிறார்கள், அந்தக் கதை திருத்தும்போது எவ்வளவு உதவும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலை துப்புரவாக்குவதில் தொடங்கியது. குளவிக்கூட்டைத் தட்டி உடைக்கவில்லை, தட்டினால் பலகைக்கு அடி. ஈரத்துணியைப் பிழிந்து அதன் மேல் பத்து நிமிடம் வைத்து, ஊறிய மண்ணை மரக்கரண்டிக் காம்பால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தேன். வெளிப்பக்கத்துக்குப் பிழிந்த ஈரத்துணியும் உடனே ஒரு காய்ந்த துணியும் போதும். தின்னர் பக்கமே போகக்கூடாது, வார்னிஷ் குழம்பாகிவிடும். முறுக்குச் சாவிகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டதும் ஆறும் சுழன்றன. புதிதாக வாங்கத் தேவை வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விரற்பலகை வறண்டு வெளிறியிருந்தால் எங்கள் ஆட்களின் கை முதலில் போவது தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்கு. பூசாதீர்கள். முதல் வாரம் அழகாக இருக்கும். பிறகு சிக்குப் பிடித்து, மணத்து, தூசியைச் சேர்த்துக்கொள்ளும். மருந்துக்கடையில் மணமில்லாத மினரல் எண்ணெய் கிடைக்கும். நாலு துளி தேய்த்து, அரை மணித்தியாலத்தில் துடைத்துவிட்டால் ஒரு வருடத்துக்குப் போதும்.

பிரிட்ஜைக் கழற்ற இரண்டு நாள் எடுத்தது. போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு விட்டு வைத்து, மூன்றாம் தடவை அசைந்தன. பிரிட்ஜின் கரைகளில் ஒட்டியிருந்த மிச்சப் பசைக்கு, அயன் பெட்டியின் சூட்டைத் துணி மடிப்பொன்றின் மேலே வைத்து இளக்கி, என் அம்மாவின் தோசை புரட்டும் தட்டகப்பையைச் சூடாக்கி அடியில் மெல்ல மெல்லத் தள்ளினேன். அவசரப்பட்டால் மேற்பலகையின் மர நார் பிரிட்ஜோடு உரிந்து வரும். வந்து கையில் விழுந்தது இரண்டு துண்டு. கம்பி முளைகள் நிற்கும் ஆறு துளைகளின் வரிசையில் அது ஏற்கெனவே பிளந்திருந்தது. போல்ட் போட்டு இறுக்கியதுதான் பிளந்ததற்குக் காரணம். அதை ஒட்டி மறுபடி வைக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். 12ஆம் அளவுக் கம்பிகள் (முதலாம் கம்பியின் கனம் 0.012 அங்குலம்) ஆறையும் சுருதி சேர்த்தால் மொத்த இழுவை ஏறத்தாழ 70 கிலோ. ஒரு மூடை நெல்லை அந்தத் துண்டில் கட்டித் தொங்கவிட்டது போல. பிளந்த மரத்துக்கு அதைத் தாங்கத் தென்பு வராது. புதிதாகச் செய்வது என்று முடிவெடுத்தேன்.

அடுத்து அந்தச் சீலை. வெடிப்புக்கு முறையான வைத்தியம், ஈரப்பதம் காட்டிப் பலகையைக் கொஞ்சம் விரியவைத்து, வெடிப்பு மூடியதும் பசை விட்டு, அடியில் சிறிய மரச் சதுரங்களைக் குறுக்காக ஒட்டுவது. அதற்குச் சீலையை உரிக்க வேண்டும். உரிக்கத் தொடங்குவதற்கு முன் ஏனோ மல்லாவி அம்மாவுக்கு அழைத்துக் கேட்டேன், இதை யார் ஒட்டினது என்று.

"அண்ணைதான். புதுக்குடியிருப்பில இருக்கேக்க. நான்தான் என்ர வெள்ளைச் சீலையில கரையைக் கிழிச்சுக் குடுத்தனான். கோதுமை மாவைக் காய்ச்சி ஒட்டினவர் எண்டு நினைக்கிறன்" என்றார்.

போனை வைத்துவிட்டு மறுபடி கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை குறை தேடிப் பார்க்கவில்லை, வேலையைப் பார்த்தேன். சீலையின் இழை வெடிப்புக்குச் சரி குறுக்காக இருந்தது. கரை மடித்து, சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல் நீவப்பட்டிருந்தது. வெடிப்பின் இரு பக்கத்திலும் விரலால் அமுக்கிப் பார்த்தேன், ஒரு மயிரளவும் அசையவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தகரக் கூரைச் சூட்டையும் மழைக்காலத்து ஈரத்தையும் தாண்டி நிற்கிற ஒட்டு. இதை உரித்தால் நான் போடப்போகும் மரச்சதுரம் இதைவிட நன்றாக நிற்கும் என்று எனக்கே உறுதியில்லை. அப்படியே விட்டேன். போல்ட் போட்டவர் வேறு ஆள், அது பின்னால் நடந்த வேலை. ஒரு கிற்றாரில் முன்பு செய்த திருத்தம் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது. நிற்கிறதா, அசைகிறதா, பக்கத்து மரத்துக்குக் கேடு செய்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். முந்தைய சொந்தக்காரர் உயிரோடிருந்தால் எதையும் கழற்றுவதற்கு முன் அவரைக் கேளுங்கள்.

பிரிட்ஜுக்குக் கடினமான, பாரமான, இறுக்கமான வரியுள்ள மரம் வேண்டும். முதிரை நல்லது, கருங்காலி இன்னும் நல்லது. கருங்காலி பாதுகாக்கப்பட்ட மரம், காட்டில் போய் வெட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டுக் கோடியில் அம்மம்மா காலத்துக் கருங்காலி உலக்கை ஒன்று முறிந்து கிடந்தது. அம்மாவிடம் கேட்டேன். "அது எத்தனை கலியாணத்துக்கு மா இடிச்ச உலக்கை தெரியுமே? வெட்டுறதெண்டா பூண் இருக்கிற பக்கத்தை எனக்கு விட்டிட்டு வெட்டு" என்றார். பூண் உள்ள பாதி இப்போதும் சாமியறை மூலையில் நிற்கிறது.

மற்றப் பாதியைப் பக்கத்து வளவில் மரவேலை செய்யும் அண்ணையிடம் கொண்டுபோனேன். வெளிப்பக்கம் வெளிறி, நடுவில் மட்டும் கறுப்பு. நுனியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்கு நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருந்ததால் அந்தப் பகுதியை ஒதுக்கினோம். நடுவில் 15 சென்ரிமீற்றர் நீளம், 3 சென்ரிமீற்றர் அகலத்துக்கு மாசில்லாத ஒரு துண்டு கிடைத்தது. வாள் இறங்கியபோது தூள் கரிபோலக் கொட்டியது. "இரும்பை அறுக்கிற மாதிரிக் கிடக்கு" என்று அண்ணை இரண்டு தடவை வாளைத் தீட்டினார்.

உடைந்த பழைய பிரிட்ஜின் துண்டுகளை எறியாமல் வைத்திருந்தது இங்கேதான் உதவியது. இரண்டையும் பொருத்தி, புதுத் துண்டின் மேல் வைத்து, ஆறு துளைகளையும் ஊசியால் குறித்தேன். கனத்தை மட்டும் மாற்றினேன். பழையது ஒன்பதரை மில்லிமீற்றர். புதியதை எட்டாக இறக்கினேன், கழுத்துச் சாய்ந்த அந்த ஒன்றரை மில்லிமீற்றருக்கு ஈடாக. முறையான வழி கழுத்தை ஆவி காட்டிக் கழற்றி, கோணம் சீவி மறுபடி ஒட்டுவது. அந்த வேலை தெரிந்தவர் எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் இல்லை. நானே பழகிப் பார்க்க இது இடமில்லை என்று நினைத்தேன். பிரிட்ஜ் ஏழு மில்லிமீற்றருக்குக் கீழே போகாதவரை இப்படிச் சமாளிக்கலாம். அதற்கும் அப்பால் சாய்ந்திருந்தால் தெரிந்தவரைத்தான் தேட வேண்டும்.

சேடில், அதாவது கம்பிகள் ஏறி நிற்கும் எலும்புப்பட்டி, எங்கே நிற்க வேண்டும் என்பதில் கண்மட்டம் உதவாது. தலைப்பக்க எலும்பில் இருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை அளந்தேன், 325 மில்லிமீற்றர். அங்கிருந்து சேடிலுக்கும் அதே 325 என்றால் கணக்குச் சரி, சுருதி பிழை. கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடுவதால் சத்தம் ஏறிவிடும். அதனால் முதலாம் கம்பிக்கு 327, ஆறாம் கம்பிக்கு 330 என்று சரிவாகக் காடி வெட்டினேன். எந்தக் கிற்றாரிலும் சேடில் சரிந்து நிற்பது இதற்காகத்தான்.

பிறகு நடந்தது நான் விட்ட பிழை. கார்த்திகை மாதம், வெளியே மழை விடாமல் கொட்டுகிறது. எனக்குப் பொறுமை இல்லை. தச்சு வேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையைப் பூசி, கிளாம்ப் போட்டு ஒட்டினேன். பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் வார்னிஷையும் சரியாகச் சுரண்டவில்லை. மூன்றாம் நாள் கம்பி ஏற்றினேன். மார்கழி பிறந்து ஒரு வாரத்தில், இரவு பதினொரு மணிக்கு, அறைக்குள் 'டக்' என்று சத்தம். பிரிட்ஜின் பின்விளிம்பு கடதாசி நுழையும் அளவுக்குக் கிளம்பியிருந்தது. உடனே கம்பிகளைத் தளர்த்தியதால் பலகை தப்பியது.

வெள்ளைப் பசை மேசை கதிரைக்கு நல்லது. தொடர்ந்து இழுவை உள்ள இடத்தில், அதுவும் சூட்டில், அது மெல்ல மெல்ல வழுகிக்கொடுக்கும். ஈரம் குடித்த மரத்தில் ஒட்டினால் மரம் காயும்போது சுருங்கி ஒட்டையும் இழுத்துக்கொண்டு போகும். தை கழிந்து மாசி வெயில் வரும்வரை காத்திருந்தேன். கொழும்பில் இருக்கும் நண்பர் ஒருவர் வச்சிரம் அனுப்பினார். மாட்டுத்தோலில் இருந்து காய்ச்சி எடுக்கும் அந்தக் காலத்துத் தச்சுப்பசை, குருணலாக வரும். ஒரு பங்கு குருணலுக்கு இரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீர் விட்டு ஊறவைத்து, பேணியை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்துக் காய்ச்ச வேண்டும். 60 பாகை சூடு போதும். கொதித்தால் பசையின் பலம் போய்விடும். இது வழுகாது. பின்னொரு நாளில் யாராவது கழற்ற வேண்டி வந்தால் சூடும் ஈரமும் காட்டினால் மரத்துக்குச் சேதமில்லாமல் விட்டுக்கொடுக்கும். எனக்குப் பிறகும் இந்தக் கிற்றாரை ஒருவர் திருத்துவார் என்பதால் அது எனக்கு முக்கியமாகப் பட்டது.

வச்சிரத்தில் உள்ள கஷ்டம், ஆறினால் உறைந்துவிடும். குளிர்நாட்டில் ஒரு நிமிடத்துக்குள் கிளாம்ப் போட வேண்டும் என்பார்கள். நான் மத்தியான வெயிலில் கிற்றாரையும் பிரிட்ஜையும் பத்து நிமிடம் காயவைத்து, சூடு ஏறியதும் ஒட்டினேன். நிதானமாக மூன்று கிளாம்ப் போடும் வரை பசை இளகியே நின்றது. இந்தத் தடவை வார்னிஷைப் பிரிட்ஜின் அடி அளவுக்கு மட்டும் மரம் தெரியச் சுரண்டியிருந்தேன். மேற்பலகையின் மெல்லிய வயிற்று வளைவுக்குப் பிரிட்ஜின் அடியும் பொருந்துவதற்கு, பலகையின் மேலே சாண்ட்பேப்பரை விரித்து அதில் பிரிட்ஜைத் தேய்த்துத் தேய்த்து இணக்கியிருந்தேன். போல்ட் துளைகளுக்கு முதிரைக் குச்சி சீவி அடைத்தேன். பசை விட்ட தாங்குசட்டங்களுக்கு ஊசிக்குழாயால் பசை விட்டு, முதுகுப்பலகையில் இருந்து மூங்கில் சிலாகை முட்டுக்கொடுத்தேன். முட்டுக்கொடுக்கும் சிலாகையை இறுக்கித் திணிக்காதீர்கள், முதுகுப்பலகை கிளம்பிவிடும். நான்கு நாள் தொடவேயில்லை.

சேடிலுக்கும் தலைப்பக்கத்துக்கும் எலும்பு இறைச்சிக்கடையில் வாங்கினேன். மாட்டின் கால் எலும்பு, கனமான பக்கம். ஊனை எடுத்து, சவர்க்காரத்தூள் போட்ட வெந்நீரில் ஒன்றிரண்டு நாள் ஊறவைத்துக் கொழுப்பை நீக்கி, நிழலில் காயவைக்க வேண்டும். நீண்ட நேரம் அவித்தால் சொறுசொறுத்துப் போகும். கம்பிக்கான நுண்ணிய காடிகளை வெட்ட விலை கூடிய அரங்கள் விற்கிறார்கள். கராஜ் சாமான் கடையில் காபரேற்றர் துப்புரவாக்கும் ஊசி அரக் கட்டு ஒன்று கேட்டு வாங்குங்கள், அதில் எல்லா அளவும் இருக்கும்.

கம்பியின் உயரத்தைச் சரிபார்ப்பது பன்னிரண்டாம் மெட்டில். ஆறாம் கம்பி 3.4 மில்லிமீற்றர் உயரத்தில் நின்றது, எனக்கு 2.6 வேண்டும். வித்தியாசம் 0.8. சேடிலில் குறைக்க வேண்டியது அதன் இரண்டு மடங்கு, 1.6. பன்னிரண்டாம் மெட்டு கம்பி நீளத்தின் சரிபாதியில் இருப்பதால் இந்தக் கணக்கு. எலும்பின் அடிப்பக்கத்தைத்தான் தேய்க்க வேண்டும், மேல்பக்கத்தை அல்ல. கொஞ்சம் தேய்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி தேய்த்து. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

11ஆம் அளவுக் கம்பி போட்டேன். 12 போட்டால் சத்தம் இன்னும் நிறைவாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஐம்பது வயதுப் பலகைக்கு ஐந்தாறு கிலோ இழுவை குறைவது பெரிய ஆறுதல். சுருதியையும் அரைப்படி இறக்கி வைத்திருக்கிறேன், எங்கள் குழுவின் பெண் குரல்களுக்கு அது தோதாகவும் போய்விட்டது. முதல் நாள் வாசித்தபோது கீழ்க்கம்பிகளில் சத்தம் கொஞ்சம் மூடியது போல இருந்தது. இரண்டு மூன்று வாரம் வாசித்த பிறகுதான் அது திறந்துகொண்டது. பழைய கிற்றார் நீண்ட காலம் கம்பியில்லாமல் கிடந்திருந்தால் முதல் வாரத்துச் சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

மொத்தச் செலவு, கிற்றார் விலையை விட்டால், 9,000 ரூபாவுக்குள். அதில் பாதிக்கு மேல் கம்பி இரண்டு கட்டும் வச்சிரமும்.

இப்போது பார்க்க வேண்டியது காலநிலையை. அறையில் ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஒன்று வைத்திருக்கிறேன். மார்கழியில் 88 வரை ஏறியது. ஆடி மாதத்து மத்தியானத்தில் 52க்கு இறங்கியது. மழைக்காலத்தில் மேற்பலகை ஈரம் குடித்து உப்பும், கம்பி உயரும். சோளகக் காற்றில் பலகை தாழும், கம்பி மெட்டில் உரசிக் கரகரக்கும். மழைக்கு, வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் கட்டிப் பெட்டிக்குள் வைத்து வாரம் ஒருதடவை மாற்றுகிறேன். கோடைக்கு, துளை போட்ட சவர்க்காரப் பெட்டிக்குள் பிழிந்த ஸ்பொஞ்ச். தகரக் கூரை வீடென்றால் உயரமான இடத்தில் வைக்காதீர்கள். உள்சுவர்ப் பக்கம், நிலத்தில் இருந்து இரண்டு அடி உயரத்தில் வையுங்கள். சூடு மேலேதான் நிற்கிறது.

மாதம் ஒருநாள் அடிமட்டத்தை எடுத்துப் பன்னிரண்டாம் மெட்டில் அளந்து கொப்பியில் எழுதுகிறேன். போன ஆவணியில் 2.4. தையில் 2.9. மாசி வெயிலுக்கு மறுபடி 2.6. பிரிட்ஜின் பின்விளிம்பில் கடதாசியைச் செருகிப் பார்க்கிறேன், நுழையவில்லை. பிறேக் வயர் இழையைச் சுருட்டிப் பெட்டியின் சிறிய அறைக்குள் வைத்திருக்கிறேன். போன மாதம் மல்லாவிக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கையை ஒலித்துளைக்குள் விட்டுச் சீலையைத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் வயலின் ஒன்று இருக்கிறது, அதன் கழுத்து கழன்றுவிட்டது, பார்க்க வருகிறீர்களா என்று கேட்டார். வச்சிரம் இன்னும் அரைப் பேணி மிச்சம் இருக்கிறது.